மீசாலையில் பாலைவனக் காற்று

மீசாலைச் சந்தியில் கலாநிதி கஜானன் துணிப் பதாகையில் சிரித்துக்கொண்டிருந்தார். கோட்டு, கழுத்துப்பட்டி, பின்னால் ஒரு பனை. தலைக்கு மேலே, ‘பனையின் புகழை உலகறியச் செய்த எம் மண்ணின் மைந்தன்’ என்று சிவப்பு எழுத்து. மார்கழி மழையில் அந்தச் சிவப்பு இளகி அவருடைய மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது.

“உலகம் அறியிறதுக்கு முதல் மழை அறிஞ்சுபோட்டுது, அக்கா” என்றபடி கோபிசங்கர் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான்.

பின்னால் இருந்த கனகாம்பிகை சிரிக்கவில்லை. சாவகச்சேரி நீதிமன்றத்துக்கு எதிரே புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர் அவர். அதிகமும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்கு அங்கே ஏற்கெனவே குடும்பம் இருக்கிறதா என்று விசாரிக்கிற வேலைதான். கோபிசங்கர் அவருக்கு உதவியாளன், சாரதி, தேவையில்லாத இடத்திலெல்லாம் பகிடி விடுகிற வாய். இன்றைக்கு வந்திருப்பது புதுமாதிரி வழக்கு. யாரோ ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திருடிவிட்டாராம்.

வழக்கைக் கொடுத்தவர் கஜானனின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளை. ஓய்வுபெற்ற தபாலதிபர். வீட்டு மண்டபத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்ட வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

“இருங்கோ பிள்ளை. கள்ளியை நான் பிடிச்சிட்டன். அவளுக்கு உள்ளுக்கை இருந்து சாமான் எடுத்துக் குடுத்த ஆள் ஆரெண்டதை மட்டும் நீங்கள் பிடிச்சுத் தந்தால் காணும்.”

“கள்ளி ஆர்?” என்று கேட்டார் கனகாம்பிகை.

“மேரி அட்டங்கா. கானா நாட்டிலை, வடக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்திலை விரிவுரையாளர். பனங்கிழங்கைப் பிளந்து ஒடியலாய் எப்பிடிக் காயவிடுறது, கசப்பை எப்பிடி எடுக்கிறது எண்டு என்ரை மகன் எழுதின அதே கதையை அவளும் எழுதியிருக்கிறாள். மகன்ரை வந்து சில வருசம். இவளின்ரை போன வருசம்தான் வந்தது. அங்கை ஏது பனை, பிள்ளை? ஏது ஒடியல்?”

“அங்கை ஒட்டகம்தானே ஐயா. ஒட்டகத்திலை ஒடியல் எடுக்கேலாது” என்றான் கோபிசங்கர். ஆழ்வாப்பிள்ளைக்கு அவனை உடனே பிடித்துப்போயிற்று.

“நீங்கள் ரெண்டையும் வாசிச்சுப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார் கனகாம்பிகை.

“மகன்ரையை என்னண்டு வாசிக்கிறது? அது ஐரோப்பாவிலை பெரிய ஆய்விதழ். டொலர் கட்டினால்தான் திறக்கும். முதல் பக்கம் மட்டும் வெளியிலை தெரியும். அதைத்தான் கண்ணாடி போட்டு வைச்சிருக்கிறன், அங்கை பாருங்கோ.” நல்லூர் முருகன் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அந்தப் பக்கம் தொங்கியது. அதற்கும் ஒரு சந்தன மாலை. “அவளின்ரை ஒரு பூட்டும் இல்லாமல் ஆரும் வாசிக்கலாம் எண்டு சும்மா திறந்து கிடக்கு. கனடாவிலை இருக்கிற மருமகன்தான் ரெண்டின்ரை முதல் பக்கமும் ஒண்டெண்டு கண்டு போனிலை அனுப்பினவன். தட்டினவுடனை வந்திட்டுது. உழைச்சு எழுதினவள் இப்பிடித் தெருவிலை போடுவாளோ? திறந்து கிடக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது, உது களவுச் சாமான் எண்டு.”

அப்படி விளங்கியதும் அவர் செய்த காரியம், எங்கள் ஊரில் ஒரு பெரிய மனிதர் கோபம் வந்தால் செய்கிற காரியம்தான். பெட்டிசம் எழுதினார். கானாவின் அந்தப் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு. பிரதி, கல்வி அமைச்சருக்கு. பிரதி, தூதரகத்துக்கு. பிரதி, இரண்டு ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும். பிரதி, பத்திரிகைகளுக்கு. எல்லாம் பதிவுத் தபாலில். அவர் வாழ்நாளில் தெருவிளக்குக்கும் மதகுக்கும் எழுதிய பெட்டிசங்கள் ஒன்றுக்குமே பதில் வந்ததில்லை. இதற்கு வந்துவிட்டது.

“அவளை வேலையாலை நிப்பாட்டி வைச்சிருக்கினம்” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “வாற வெள்ளிக்கிழமை விசாரணை. களவெண்டு தீர்ந்தால் வேலை போயிடும். அதுக்குப் பிறகு ஒரு கம்பஸும் அவளைப் படியேத்தாது. உள்ளுக்கை குடுத்த ஆளையும் பிடிச்சு அனுப்பினால் முடிஞ்சுது அலுவல்.”

“அப்பா.” அறை வாசலில் கஜானன் நின்றார். பதாகையில் இருந்த சிரிப்பு ஆளிடம் இல்லை. “உதை விடுவம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்.”

“இவன் சின்னனிலையும் இப்பிடித்தான். அடிச்சவனைக் காட்டிக் குடுக்கமாட்டான். கம்பஸ் ஆய்வுகூடத்திலை இவனோடை வேலை செய்தது ஒரு பிள்ளைதான். நிவேதனா. இப்ப உடுப்பிட்டியிலை படிப்பிக்கிறாள். அங்கையிருந்து தொடங்குங்கோ.”

கஜானன் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

கனகாம்பிகை எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எட்டி நின்று சுவரில் இருந்த பக்கத்தைப் போனில் படமெடுத்தார்.

“முருகனையும் சேத்து எடுத்திட்டீங்கள் அக்கா. வழியிலை கும்பிட்டுக்கொண்டு போகலாம்” என்றான் கோபிசங்கர்.

* * *

கொடிகாமம் தாண்டி, வரணி தாண்டி, முள்ளி வெளியில் ஏறியபோது முகில் கட்டி வானம் கீழே இறங்கியிருந்தது. கோபிசங்கர் வாயைத் திறந்தே வண்டி ஓட்டினான்.

“அந்தப் பிள்ளை காசுக்குக் குடுத்திருக்குமோ, காதலுக்குக் குடுத்திருக்குமோ அக்கா?”

“ஒடியலுக்கு ஆரும் காதலிப்பினமோ?”

“காய்ஞ்ச ஆக்கள் காதலிப்பினம்.”

“றோட்டைப் பார்.”

நிவேதனா பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள். அவர்களை யார் அனுப்பியது என்று தெரிந்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. கோபிசங்கர் கனகாம்பிகையைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். பிடிபட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

“ஒடியல் ஆய்வு விபரங்களை ஆருக்கும் அனுப்பினனீரோ, தங்கச்சி?” கனகாம்பிகை சுற்றி வளைக்கவில்லை.

“என்னட்டை என்ன இருக்கெண்டு அனுப்ப?” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அக்கா, அந்த வருசம் தை மாசம் நாங்கள் காயப் போட்டது முழுக்கப் பழுதாய்ப் போச்சு. முகில், தூறல், விடிய எழும்பினால் பனி. ஒரு கிழமையிலை எல்லாம் பூஞ்சணம். சேர் வந்து பாத்திட்டு அள்ளிக் கொட்டச் சொன்னார். பேந்து நாங்கள் ஒண்டும் செய்யேல்லை.”

கோபிசங்கரின் கண் சிரிப்பை நிறுத்தியது.

“அப்ப கட்டுரை?” என்றார் கனகாம்பிகை.

“வந்திட்டெண்டு கேள்விப்பட்டன். வேறை ஆரையோ வைச்சு வேறை ஒரு இடத்திலை செய்திருப்பார் எண்டு நினைச்சன். கடைசியிலை நன்றி சொல்ற இடத்திலை என்ரை பேரும் இருக்காம். நான் காணேல்லை. டொலர் கட்டவேணுமெல்லோ.”

“அவரிட்டைக் கேக்கேல்லையோ?”

“சேரிட்டை என்னண்டு அக்கா கேக்கிறது?” பிறகு அவளே சொன்னாள். “கேக்காதது மட்டுமில்லை. பாராட்டு விழாவிலை பொன்னாடைத் தட்டம் பிடிச்சுக்கொண்டு நிண்டதே நான்தான். அண்டைக்கு மேடையிலை சேரின்ரை முகத்தை நான் நிமிர்ந்து பாக்கேல்லை. ஏனெண்டு எனக்குத் தெரியும். அதுதான் இப்ப உங்களைக் கண்டவுடனை பயந்தனான்.”

அவளுடைய தாய் வெட்டிய கொய்யாக்காயும் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்து வைத்தார். கோபிசங்கர் ஒரு துண்டை உப்பில் தோய்த்தான். உப்பு கட்டியாகி, கிண்ணத்தின் அடியில் தண்ணீர் விட்டிருந்தது.

“உப்பும் அழுகுது அக்கா, இந்த வழக்கைக் கேட்டு.”

கனகாம்பிகை கிண்ணத்தைப் பார்த்தார். போனை எடுத்து, காலையில் பிடித்த படத்தைப் பெருப்பித்து, ஆங்கிலத்தில் இருந்ததை மெல்லத் தமிழாக்கி வாசித்தார்.

“யாழ்ப்பாணக் குடாநாட்டிலை தை மாசம், வடக்கிலையிருந்து வீசுற புழுதிக் காத்திலை ஈரம் பெரும்பாலும் இல்லாமல் போறபடியால், வெளியிலை பரப்பின கிழங்கு ரெண்டு மூண்டு நாளிலையே காய்ஞ்சுவிடும். புழுதி படாமல் துணியாலை மூடவேணும்.”

நிவேதனா நிமிர்ந்தாள். கோபிசங்கர் கொய்யாக்காயோடு சிரித்துவிட்டான்.

“வடக்கிலையிருந்து புழுதியோ? எங்களுக்கு வடக்கை கடலெல்லோ அக்கா. கீரிமலையிலை நிண்டு பாத்தால் இந்தியா வரைக்கும் தண்ணிதான். புழுதியை ஆர் கிளப்புறது, மீனோ?”

“தை மாசம் உப்பு தண்ணி விடுற ஊரிலை, ரெண்டு நாளிலை ஒடியல் காயுதாம்” என்றார் கனகாம்பிகை. “இது சுவரிலை தொங்குது, கோபி. வாற போற ஆக்களெல்லாம் பாக்கிற சுவர். இந்த ஊரிலை மழையிலை நனைஞ்ச ஒரு குழந்தை வாசிச்சாலும் பிழையெண்டு சொல்லும். ஆனால் ஒருதரும் வாசிக்கேல்லை. மாலை மட்டும் போட்டவை.”

பிறகு மேரி அட்டங்காவின் கட்டுரையைத் திறந்தார். பூட்டு இல்லாததால் உடுப்பிட்டியின் மெல்லிய சிக்னலிலும் அது வந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே அந்த வசனம் இருந்தது. காற்று, புழுதி, துணி எல்லாம் சொல்லுக்குச் சொல் அதேதான். யாழ்ப்பாணம் இருந்த இடத்தில் மட்டும் வடக்குக் கானாவின் ஏதோ ஒரு கிராமம்.

“அவைக்கு வடக்கை என்ன இருக்கு?” என்று கோபிசங்கர் கேட்டான். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

“சகாரா” என்றாள் நிவேதனா. அவள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். “ஒவ்வொரு வருசமும் மார்கழி தையிலை பாலைவனக் காத்து கீழை இறங்கும். உதடு வெடிக்கிற வறட்சி.”

“ஊரின்ரை பேரை மாத்தினவர் காத்தை மாத்த மறந்திட்டார்” என்றார் கனகாம்பிகை.

கோபிசங்கருக்கு இன்னும் ஒரு பிடி மிச்சம் இருந்தது. “சரி, காத்து அங்கத்தையான். ஆனால் பனை? பனை எங்கடையெல்லோ?”

கனகாம்பிகை கட்டுரையின் நடுவில் இருந்த ஒரு படத்தைப் பெருப்பித்து அவன் கையில் கொடுத்தார். பெண்கள் சிலர் பாயில் கிழங்கைப் பிளந்து பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையாகப் பனைகள். விசிறி ஓலை, கறுத்த மரம். ஆனால் ஒவ்வொரு மரமும் இடையில் வயிறு வைத்தது போலப் பருத்திருந்தது.

“எங்கடை பனை உப்பிடி வயிறு வைக்காது” என்றார் அவர். “இது அவையின்ரை பனை. எங்கடைக்கு ஒண்டுவிட்ட சகோதரம். அந்தச் சனம் அதின்ரை கிழங்கைக் காலங்காலமாய்ச் சாப்பிடுது. பனை எங்கடை மட்டும்தான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது, ஊர் முழுவதற்கும் தெரிந்திருப்பதைப் போல. அந்த ஒரு நினைப்பை நம்பித்தான் ஆழ்வாப்பிள்ளை பெட்டிசம் எழுதினார். அதை நம்பித்தான் பத்திரிகை அதைச் செய்தியாகப் போட்டது. காலையில் அந்த மண்டபத்தில் கனகாம்பிகைகூட அதை மறுத்துக் கேட்கவில்லை.

கோபிசங்கர் படத்தில் இருந்த பெண்களைப் பார்த்தான். காலையில் விட்ட ஒட்டகப் பகிடி ஞாபகம் வந்து காது சுட்டது. ஆழ்வாப்பிள்ளை அதற்குச் சிரித்ததும், அந்தச் சிரிப்பு தனக்குப் பிடித்திருந்ததும் ஞாபகம் வந்தது. அவன் கொய்யாக்காய்த் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தான். மீசாலை வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவனுடைய தொழில் வாழ்க்கையில் இதுவரை நடக்காத சம்பவம்.

* * *

“இவ்வளவு கெதியாய்ப் பிடிச்சிட்டீங்களோ?” என்று ஆழ்வாப்பிள்ளை எழுந்து வந்தார். “நிவேதனாதானே?”

“இல்லை ஐயா. அந்தப் பிள்ளையிட்டைக் குடுக்க ஒண்டும் இருக்கேல்லை.” கனகாம்பிகை உட்காரவில்லை. “கஜானனைக் கொஞ்சம் கூப்பிடுங்கோ.”

கஜானன் வந்தார். அவர் முதலில் பார்த்தது கனகாம்பிகையின் முகத்தை அல்ல, சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கிய பக்கத்தை. அந்த ஒரு பார்வையே கனகாம்பிகைக்குப் போதுமாக இருந்தது.

“சேர், ஒரு கேள்விதான். இது தை மாசம். வெளியிலை வந்து நிண்டு, வடக்கிலையிருந்து வாற புழுதியை எனக்கு ஒருக்கால் காட்டுவியளோ?”

கஜானன் வாசல் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்.

“என்ன புழுதி?” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “ஏன் பிள்ளை, விளங்கக் கதையுங்கோ.”

“உங்கடை சுவரிலை எழுதிக் கிடக்கு ஐயா. ஒடியலைக் காயவிட்ட காத்து இந்த ஊர்க் காத்தில்லை. சகாராவிலையிருந்து வாறது. களவு போனது உண்மை. அது இஞ்சையிருந்து அங்கை போகேல்லை.”

முதியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் மறுப்பார் என்று காத்திருந்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கை நாற்காலியின் பிடியைத் தேடியது. கோபிசங்கர் போய் நாற்காலியை நகர்த்தி வைத்தான்.

“அவவின்ரை கட்டுரையை எங்கை கண்டனீங்கள்?” என்று கனகாம்பிகை கேட்டார். “அவ அதை வெளியிட்டதே போன வருசம்தானே. அதுக்குச் சில வருசம் முந்தியே உங்கடை வந்திட்டுது.”

கஜானன் தரையைப் பார்த்துச் சொன்னார். “அவ முதல்லை வேறை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினவ. அவை அதை மதிப்பிடச் சொல்லி எனக்கு அனுப்பினவை. மதிப்பிடுறது ஆரெண்டு எழுதினவைக்குத் தெரியாது. அதுதான் முறை. நிவேதனாவின்ரை ஒடியல் கொட்டின கிழமை அது. பேராசிரியர் பதவிக்கு எனக்கு ஒரு கட்டுரை குறைஞ்சிருந்தது. நான்... இது தரமில்லை, போடவேண்டாம் எண்டு எழுதி அனுப்பினன். அவை போடேல்லை.”

கோபிசங்கருக்கு இப்போதுதான் முழுவதும் விளங்கியது. அந்தப் பெண் தன் கட்டுரையை நம்பிக் கொடுத்த இடத்திலேயே கொள்ளை போயிருக்கிறது. காவலுக்கு வைத்தவரே எடுத்திருக்கிறார். எடுத்ததோடு, தரமில்லை என்று எழுதியும் அனுப்பியிருக்கிறார்.

“ஆபிரிக்காவிலையிருந்து ஒருத்தி எழுதினது. நான் வேண்டாம் எண்டால் அது பேந்து எங்கையும் வராது, வந்தாலும் ஆர் தேடி வாசிக்கப் போகினம் எண்டு நினைச்சன். எனக்குத் தெரியும்தானே.” கஜானன் இப்போது தகப்பனைப் பார்த்தார். “எங்கடையையும் அவை அப்பிடித்தான் திருப்பி அனுப்புறவை. யாழ்ப்பாணம் எண்டு விலாசத்தைக் கண்டவுடனை வாசியாமலே அனுப்புவினம். எத்தினை தரம் பட்டனான். அந்த வெக்கம் என்னெண்டு தெரிஞ்சுகொண்டுதான் அவவுக்கு அதைச் செய்தனான்.”

“அவ காசில்லாமல் ஆரும் வாசிக்கிற இடத்திலை போடுவா எண்டு நீங்கள் நினைக்கேல்லை” என்றார் கனகாம்பிகை.

“இல்லை. அது அப்பான்ரை கையிலை கிடைக்கும் எண்டும் நினைக்கேல்லை.”

ஆழ்வாப்பிள்ளை திட்டுவார், அடிப்பார், மயங்கி விழுவார் என்று கோபிசங்கர் எதிர்பார்த்தான். அவர் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பார்க்கச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் அந்தப் பிள்ளையைக் கள்ளி எண்டு எழுதினனான்” என்றார் கடைசியில். “பேர் போட்டு எழுதினனான். பதிவுத் தபாலிலை.”

“வெள்ளிக்கிழமைக்கு முதல் அவைக்கு உண்மை போகவேணும் ஐயா” என்றார் கனகாம்பிகை. “தபால் போய்ச் சேராது. மின்னஞ்சல்தான்.”

“எழுது” என்று ஆழ்வாப்பிள்ளை மகனிடம் சொன்னார். “நீ எழுது. என்ன செய்தனீ எண்டு நீயே உன்ரை கையாலை எழுது. கீழை நானும் எழுதுவன். முந்தினது ஆர் ஆருக்குப் பிரதி போச்சுதோ அவையெல்லாருக்கும் இதுவும் போகவேணும். பத்திரிகைக்கும்.”

“அப்பா, பத்திரிகைக்குப் போனால் நான் கம்பஸிலை...”

“அவளின்ரை பேர் பத்திரிகைக்குப் போகேக்கை அவளுக்கும் ஒரு தகப்பன் இருந்திருப்பான்.”

கஜானன் மேசைக்குப் போனார். கனகாம்பிகை பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் பார்த்தார். இரண்டு இடத்தில் ‘தவறுதலாக’ என்று கஜானன் எழுத, அழிக்கச் சொன்னார். மின்னஞ்சல் போனதும் கஜானன் கையை மேசையில் வைத்தபடியே இருந்தார். உலகம் அறியச் செய்தவரை இனி உலகம் அறியப் போகிறது என்று கோபிசங்கரின் வாயில் ஒரு வசனம் வந்து நின்றது. அவன் அதை விழுங்கிவிட்டான்.

ஆழ்வாப்பிள்ளை எழுந்து சுவருக்குப் போனார். எட்டவில்லை. கோபிசங்கர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி, கண்ணாடிச் சட்டத்தை இறக்கி அவர் கையில் கொடுத்தான். அவர் அதை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, எழுத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கவிழ்த்து மேசையில் வைத்தார்.

“இதை நான் ஒருநாளும் வாசிக்கேல்லை” என்றார். “உன்ரை பேரை மட்டும் வாசிச்சனான்.”

கஜானன் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார்.

“அந்தப் பிள்ளையின்ரையைத் திற. பூட்டில்லாததை. எனக்கு முழுக்க வாசிச்சுக் காட்டு.”

கஜானன் போனை எடுத்தார். திறந்தார். கட்டுரையின் தலைப்பை வாசிக்கத் தொடங்கினார். தகப்பன் கையை உயர்த்தினார்.

“முதல்லை அந்தப் பிள்ளையின்ரை பேரை வாசி.”

கஜானனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“கேக்கேல்லை” என்றார் ஆழ்வாப்பிள்ளை.